எட்மன்டன் குளிரில் சின்னக் குழந்தைகள்: வீட்டுக்குள் அடைத்து வைக்க வேண்டாம்

கேள்வி: ஜனவரி முதல் வாரம் சென்னையிலிருந்து கனடாவின் எட்மன்டனுக்குக் குடிபெயர்கிறோம். மகளுக்கு 4 வயது, மகனுக்கு 9 மாதம். மைனஸ் 30 வரை போகும் என்கிறார்கள். ஏப்ரல் வரை குழந்தைகளை வெளியே விடாமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டால் போதுமா? அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

பதில்:

அப்படி வைத்துக்கொள்ள வேண்டாம். ஏப்ரல் வரை என்றால் முழுசாக மூன்று மாதத்துக்கு மேல். ஓடி ஆடும் வயதுப் பிள்ளையை அத்தனை நாள் உள்ளேயே வைத்திருந்தால் ராத்திரி தூக்கம் வராது, பகலில் சிணுங்கல் ஓயாது, உங்கள் பொறுமையும் தீர்ந்துவிடும். இந்த ஊரில் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் நான். தினமும் ஒரு தடவையாவது வெளியே கூட்டிப் போங்கள். எந்த நாளில் போகக் கூடாது என்பதை மட்டும் பயத்தை வைத்து முடிவு செய்யாமல், வானிலை எண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

முதலில் அந்த மைனஸ் 30 பற்றி. அது ஜனவரி முழுக்க இருக்காது. சாதாரண ஜனவரி நாளில் பகலில் மைனஸ் 6 ஒட்டியும், பின்னிரவில் மைனஸ் 15 ஒட்டியும் இருக்கும். நடுவில் சில நாள், சில சமயம் ஒரு வாரத்துக்கும் மேல், மைனஸ் 30, அதற்கும் கீழே என்று இறங்கும். 2024 ஜனவரி 13 அன்று, எட்மன்டன் இருக்கும் ஆல்பர்ட்டா மாகாணத்தில் பல இடங்களில் மைனஸ் 40-க்கும் கீழே போய், மின்சாரத்தைக் குறைத்துப் பயன்படுத்தச் சொல்லி எல்லோர் போனிலும் அவசர எச்சரிக்கை அடித்தது. அப்படிப்பட்ட நாட்கள் வரும், போகும். மற்ற நாட்களில் நல்ல உடுப்போடு குழந்தைகள் தாராளமாக விளையாடலாம்.

வானிலை பார்க்கும்போது வெப்பநிலையோடு நிறுத்திக்கொள்ளாமல் விண்ட்சில் எண்ணையும் பாருங்கள். காற்று தோலிலிருந்து சூட்டைப் பறித்துக்கொண்டு போவதைக் கணக்கில் சேர்த்துச் சொல்லும் எண் அது. மைனஸ் 20 குளிரில் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று அடித்தால் விண்ட்சில் மைனஸ் 30 ஆகிவிடும். மைனஸ் 28-லிருந்து மைனஸ் 39 வரை மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையக்கூடும். மைனஸ் 40-ஐத் தாண்டினால் 5 முதல் 10 நிமிடமே போதும். வெப்பநிலை மைனஸ் 25-க்குக் கீழே போனாலோ, விண்ட்சில் மைனஸ் 28-ஐத் தொட்டாலோ குழந்தைகளை உள்ளேயே வைத்துக்கொள்ளும்படி கனடிய குழந்தை மருத்துவச் சங்கம் சொல்கிறது. எங்கள் வீட்டிலும் அதுதான் கோடு. அதற்கு மேல் இருந்தால் வெளியே, கீழே இருந்தால் உள்ளே. மகளிடமும் அப்படியே சொல்லி வையுங்கள். நான்கு வயதுக்கு அது நன்றாகப் புரியும், தினசரி வாக்குவாதமும் இருக்காது. பள்ளிகளும் டேகேர்களும் தங்களுக்கென்று ஒரு எண் வைத்திருக்கும், சேர்க்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, குளிருக்காக இங்கே பள்ளிக்கு விடுமுறை விடுவது மிக அரிது. பள்ளிப் பேருந்து ரத்தாகலாம், பள்ளி திறந்தே இருக்கும்.

உடுப்பு விஷயத்தில் நம் ஊரிலிருந்து வருபவர்கள் பருத்தியை நம்புகிறார்கள். இங்கே உடம்போடு ஒட்டும் முதல் அடுக்குக்குப் பருத்தி கூடவே கூடாது. ஓடினால் குழந்தைக்கு வியர்க்கும், பருத்தி அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஓட்டம் நின்றதும் அந்த ஈரமே குளிரும். மெரினோ கம்பளியோ பாலியஸ்டரோ நல்லது. அதன் மேல் ஃபிளீஸ் என்ற மெத்தென்ற செயற்கைத் துணி உடுப்பு, அதன் மேல் காற்றும் பனியும் புகாத ஜாக்கெட், ஸ்நோ பேண்ட். காலுக்கு ஒரே ஒரு ஜோடி கம்பளிக் காலுறை போதும். இரண்டு ஜோடி திணித்தால் பூட்ஸ் இறுகி, ரத்த ஓட்டம் குறைந்து, கால் இன்னும் சில்லிடும். உள்ளே கழற்றக்கூடிய லைனர் உள்ள பூட்ஸாகப் பார்த்து வாங்குங்கள்; ஒவ்வொரு ராத்திரியும் லைனரை வெளியே எடுத்துக் காய வைக்கவேண்டும். கைக்கு விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட, நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன் சூடு அதிகம். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அதில் கட்டாயம் ஒரு ஜோடி கூடுதலாக வேண்டும், ஏனென்றால் காலை விளையாட்டிலேயே ஒன்று நனைந்துவிடும். கழுத்துக்கு நீளமான ஸ்கார்ஃப் வேண்டாம். சறுக்குமரத்தில் மாட்டிக் கழுத்தை இறுக்கும் ஆபத்து உண்டு. தலை வழியாகப் போட்டுக்கொள்ளும் வளையம் போன்ற நெக் வார்மர் வாங்குங்கள்.

இதையெல்லாம் சென்னையில் வாங்காதீர்கள். மலைவாசஸ்தலச் சுற்றுலாவுக்கு என்று விற்கும் ஜாக்கெட் இங்கே அக்டோபர் மாதத்துக்குத்தான் சரிப்படும். குழந்தைகளின் குளிர் உடுப்பு ஒரே வருடத்தில் அளவு போய்விடுவதால் பழைய பொருள் கடைகளில் அதிகம் தேயாத நல்ல உடுப்புகள் நிறையக் கிடைக்கும். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் அங்கேதான் வாங்குகிறார்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

உடுப்பைவிட அதிகம் வாட்டுவது அதைப் போட்டுவிடும் வேலை. உங்கள் காலை நேரம் முழுக்க இதைச் சுற்றித்தான் நடக்கும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் பாத்ரூம். இதைத் தவறவிட்டால் எல்லாம் போட்டு முடித்த நிமிடத்தில் "அம்மா, உச்சா" என்று குரல் வரும். அப்புறம் ஸ்நோ பேண்ட், அப்புறம் பூட்ஸ், பேண்டின் அடிப்பட்டி பூட்ஸுக்கு வெளியே வருமாறு. பிறகு நெக் வார்மர், ஜாக்கெட், தொப்பி. மிட்டன் எப்போதும் கடைசி, ஏனென்றால் அதைப் போட்டபின் குழந்தையால் வேறு எதையும் பிடிக்க முடியாது. ஸ்நோ பேண்டுக்கு முன்னால் ஜாக்கெட்டைப் போட்டால் பேண்டின் தோள்வாரை மாட்ட முடியாமல் மறுபடி கழற்ற வேண்டியிருக்கும். உடுத்தும்போது முதலில் மகள், கடைசியில் கைக்குழந்தை. அவனை முதலில் சுற்றிவிட்டால் நீங்கள் மற்றவளோடு போராடி முடிப்பதற்குள் அவன் வியர்த்து அழ ஆரம்பித்துவிடுவான்.

மகளுக்கு இதைத் தானாகச் செய்யப் பழக்கிவிடுங்கள். இதை நான் எல்லோரிடமும் வலியுறுத்திச் சொல்வேன். டேகேரில் ஒரு ஆசிரியை ஒரு கூட்டம் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகவேண்டும், ஒவ்வொருவருக்கும் ஜிப் போட்டுவிட அவரிடம் கை இல்லை. நம் வீடுகளில் ஐந்து வயது வரைக்கும் ஊட்டிவிட்டு, உடுத்திவிட்டுப் பழக்கம். அப்படி வளர்ந்த குழந்தை இங்கே கதவருகே தவித்துப்போய் நிற்கும். ஜாக்கெட் போட ஒரு சுலபமான வழி உண்டு. ஜாக்கெட்டைத் திறந்தபடி தரையில் மல்லாத்திப் போட்டு, அதன் தொப்பிப் பக்கம் குழந்தையின் கால்பக்கம் வருமாறு வையுங்கள். குழந்தை குனிந்து இரண்டு கையையும் நுழைத்து, ஜாக்கெட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பின்னால் போட்டால் தானாக வந்து உட்கார்ந்துவிடும். சில நாளில் பழகிவிடும், பெருமையும் படுவாள். கிளம்பும் முன் சென்னையிலேயே சாதாரணச் சட்டையை வைத்துப் பழக்கலாம்.

9 மாதக் குழந்தைக்குக் கணக்கு வேறு. அவன் ஓடுவதில்லை, அதனால் உடம்பு சூடு பிடிக்காது. நீங்கள் நடக்கும் சூட்டில் "அவ்வளவு குளிர் இல்லையே" என்று தோன்றும்போதே ஸ்ட்ரோலரில் சும்மா உட்கார்ந்திருப்பவன் சில்லிட்டுப் போயிருப்பான். நீங்கள் போட்டிருப்பதைவிட ஓர் அடுக்கு அதிகம் என்பது பொதுவான அளவு. மார்போடு கட்டிக்கொள்ளும் கேரியரில் வைத்து, மேலே உங்கள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்வது எனக்கு எப்போதும் பிடித்த வழி. முகம் மட்டும் திறந்து, மூச்சுக்கு இடைஞ்சல் இல்லாமல் இருக்கவேண்டும். ஸ்ட்ரோலரை முழுக்கப் போர்வையால் மூடிவிடாதீர்கள், காற்று போகும் துளை உள்ள உறை தனியாகக் கிடைக்கிறது. அவ்வப்போது பிடரியில் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி, ஈரமாக இருந்தால் ஓர் அடுக்கு குறையுங்கள்.

மூக்கு நுனி, கன்னம், காது, விரல் நுனி ஆகியவைதான் முதலில் உறையும் இடங்கள். தோல் வெளிறி, தொட்டால் மரத்துப் போயிருக்கும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். நம் பிள்ளைகளின் மாநிறத்தில், கறுப்பு நிறத்தில் அது பளிச்சென்று வெள்ளையாகத் தெரியாமல் சாம்பல் பூத்த மாதிரி, சில சமயம் மஞ்சளோடிய மாதிரி தெரியலாம். அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் தொட்டுப் பாருங்கள், வலிக்கிறதா, மரத்திருக்கிறதா என்று கேளுங்கள். அப்படி இருந்தால் உடனே உள்ளே வந்து, ஈர உடுப்பைக் கழற்றி, விரல்களை உங்கள் அக்குளில் வைத்தோ வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தோ சூடாக்குங்கள். தேய்க்கவே தேய்க்காதீர்கள். உறைந்த தோலைத் தேய்த்தால் காயமாகும். ஹீட்டர் அருகே பிடிப்பதும் வேண்டாம். மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது. கொப்புளம் வந்தாலோ, உணர்ச்சி திரும்பாவிட்டாலோ மருத்துவரிடம் போகவேண்டும்.

அடுத்து கார். பஞ்சு போல உப்பிய ஜாக்கெட்டோடு குழந்தையை கார் சீட்டில் வைத்துப் பட்டை போடக் கூடாது. பட்டை இறுக்கமாக இருப்பது போலத் தெரியும். மோதினால் ஜாக்கெட்டுக்குள் உள்ள காற்று அமுங்கி, பட்டை தளர்ந்து, குழந்தை நழுவிவிடும். நீங்களே சோதித்துப் பாருங்கள்: ஜாக்கெட்டோடு பட்டையை இறுக்குங்கள், பிறகு இறுக்கத்தை மாற்றாமல் ஜாக்கெட்டை மட்டும் கழற்றிவிட்டு மறுபடி மாட்டுங்கள். தோள்பட்டையில் பட்டையைக் கிள்ளிப் பிடிக்க முடிந்தால் அது பாதுகாப்பில்லை. மெல்லிய ஃபிளீஸோடு பட்டை போட்டு, அதன் மேல் ஜாக்கெட்டை முன்பக்கமாகத் திருப்பிப் போர்த்துங்கள், அல்லது போர்வை போடுங்கள். குழந்தைக்கு அடியில் விரிக்கும் தடித்த உறைகளும் அதே காரணத்தால் வேண்டாம்.

இங்கே கார்களின் முன்பக்கத்தில் ஒரு பிளக் தொங்குவதைப் பார்ப்பீர்கள். அது என்ஜினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டர். கடுங்குளிர் ராத்திரிகளில் அதை மின்சாரத்தில் மாட்டாவிட்டால் காலையில் வண்டி கிளம்பாமல் போகலாம். கைக்குழந்தையோடு அந்த நிலைமை வேண்டாம், வாடகை வீடு பார்க்கும்போதே பார்க்கிங்கில் பிளக் உண்டா என்று கேளுங்கள். காரைச் சூடாக்குவதற்காக கராஜுக்குள் ஓடவிடாதீர்கள், கதவு திறந்திருந்தாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசனையில்லாத விஷம். அதே காரணத்துக்காக, பெரிய பனி விழுந்த மறுநாள் வீட்டின் பக்கவாட்டில் ஃபர்னஸின் (வீட்டைச் சூடாக்கும் எந்திரம்) புகைக்குழாய் இருந்தால் அதைப் பனி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று குடிபோன அன்றே பரிசோதியுங்கள்.

வீட்டுக்குள் குளிர் இருக்காது. வறட்சிதான் இருக்கும். மைனஸ் 30-ல் உள்ள காற்றில் ஈரம் மிகக் குறைவு, அதை உள்ளே இழுத்து 20 டிகிரிக்குச் சூடாக்கும்போது இன்னும் வறண்டுபோகிறது. குழந்தைகளுக்கு உதடு வெடிக்கும், கை வெடித்து எரியும், மூக்கிலிருந்து ரத்தம்கூட வரும். முதல் தடவை தலையணையில் ரத்தத்தைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். தலையைப் பின்னால் சாய்க்காமல் முன்னால் குனியவைத்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள், நின்றுவிடும். காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர் ஒன்று வாங்குங்கள். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் சுடுநீராவி வருவது வேண்டாம், குளிர்ந்த மூட்டம் வருவது போதும். அதைச் சரியாகக் கழுவி வைக்காவிட்டால் பூஞ்சை வரும். ஈரப்பதம் 30 சதவீதம் ஒட்டி இருந்தால் போதும். அதற்கு மேல் ஏற்றினால் கடுங்குளிர் நாளில் ஜன்னலின் அடியில் தண்ணீர் வழிந்து ஐஸாகிவிடும்.

தினமும் சுடச்சுடக் குளிப்பாட்டும் வழக்கத்தை இந்த மாதங்களில் தளர்த்திக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், சில நிமிடம், சோப்பு தேவையான இடத்துக்கு மட்டும், தோல் ஈரமாக இருக்கும்போதே கெட்டியான கிரீம் தடவவேண்டும். சாம்பிராணிப் புகை வேண்டவே வேண்டாம். இங்கே ஜன்னல் எல்லாம் இறுக மூடியிருக்கும், புகை வெளியே போக வழியில்லை. குழந்தையின் சின்ன மூச்சுக்குழாய்க்கு அது கெடுதல், புகை அலாரமும் அலறும். கற்பூரம் கலந்த தைலத்தையும் 2 வயதுக்குக் கீழ் மார்பிலோ மூக்கிலோ தடவக் கூடாது; கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரவைக்கும். ஊரிலிருந்து அன்போடு கொடுத்தனுப்புவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், பெரியவர்கள் பயன்படுத்தட்டும்.

ராத்திரியில் மகனுக்குத் தனிப் போர்வை, தலையணை, தொப்பி எதுவும் வேண்டாம். கை வெளியே இருக்கும்படி பை போலத் தைத்த ஸ்லீப் சாக் போட்டு மல்லாக்கப் படுக்கவையுங்கள். சூடு அதிகமாவதுதான் தூங்கும் கைக்குழந்தைக்கு ஆபத்து. ஊரிலிருந்து பாட்டி வந்திருந்தால் இதற்கு எதிர்ப்பு வரும். "அத்தை, அறையே 20 டிகிரியில் இருக்கிறது, பிடரியைத் தொட்டுப் பாருங்கள்" என்று கையைப் பிடித்து வைத்துக் காட்டுங்கள். சொல்வதைவிட அது வேலை செய்யும்.

இருட்டு. இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. டிசம்பர் 21 ஒட்டி எட்மன்டனில் காலை 8.48 வாக்கில் சூரியன் உதித்து, மாலை 4.16-க்கு மறைந்துவிடும். நீங்கள் வரும் ஜனவரியிலும் பெரிய மாற்றம் இருக்காது. இருட்டியதும் குழந்தைகள் தூங்கப் பார்ப்பார்கள், அல்லது காலையில் எழவே மாட்டார்கள். வானத்தைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்து நடத்துங்கள்: எழும் நேரம், சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஒரே மணிக்கு. காலையில் எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள். வெளியே கூட்டிப் போவதை நடுப்பகலுக்கு, 12-லிருந்து 2 மணிக்குள் வையுங்கள். வெளிச்சமும் அப்போதுதான், நாளின் குறைந்த குளிரும் அந்த நேரத்தை ஒட்டித்தான். நல்ல விஷயம் ஒன்று உண்டு: கடுங்குளிர் நாட்களில் பெரும்பாலும் வானம் தெளிந்து வெயில் பளீரென்று அடிக்கும்.

ஆனால் அந்த வெயிலில் வைட்டமின் டி கிடைக்காது. 1988-ல் வெளியான ஓர் ஆய்வு இதே எட்மன்டனை எடுத்துக்கொண்டு பார்த்தது. அக்டோபரிலிருந்து மார்ச் வரை இங்கே வரும் சூரிய ஒளியால் தோலில் வைட்டமின் டி உண்டாகவில்லை. இன்னும் தெற்கே இருக்கும் அமெரிக்காவின் பாஸ்டனில் அது நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான். நம் தோல் நிறத்துக்குக் கோடையிலும் கூடுதல் நேரம் வெயில் வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தினமும் 400 ஐ.யு. (சர்வதேச அலகு) வைட்டமின் டி சொட்டு மருந்து கொடுக்கும்படி கனடிய சுகாதாரத் துறை சொல்கிறது. இங்கே கடையில் விற்கும் பசும்பாலில் வைட்டமின் டி சேர்த்திருப்பார்கள், மகளுக்கு அது உதவும். அவளுக்கும் உங்களுக்கும் எவ்வளவு தேவை என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

வெளியே என்ன விளையாடுவது? முதல் வாரம் மகள் பனியை உருட்டப் பார்த்து ஏமாறுவாள். மைனஸ் 15-ல் பனி மாவு போல உதிரும், ஒட்டாது. பனிமனிதன் செய்யப் பூஜ்யத்தை ஒட்டிய நாள் வரவேண்டும். அதுவரை மண்வெட்டி, வாளி, மேட்டில் சறுக்கும் ஸ்லெட், ஸ்ப்ரே பாட்டிலில் உணவுக் கலர் கலந்த தண்ணீர் கொடுத்துப் பனியில் படம் வரையவிடலாம். நடைபாதையில் பனி அள்ளும்போது அவளுக்கும் ஒரு குட்டி மண்வெட்டி கொடுத்துவிட்டால் உங்கள் வேலையும் நடக்கும். வீட்டின் முன் நடைபாதையைச் சுத்தமாக வைப்பது இங்கே அந்த வீட்டின் சொந்தக்காரர் அல்லது குடியிருப்பவர் பொறுப்பு. பல பேட்டைகளில் சமூக லீக் என்ற குடியிருப்போர் சங்கம் திறந்தவெளி ஐஸ் ரிங்க் (பனிச்சறுக்கு மைதானம்) நடத்தும். ஸ்லெட்டுக்கும் ஸ்கேட்டிங்குக்கும் ஹெல்மெட் அவசியம். மூன்று இடங்களை மட்டும் கண்டிப்பாகத் தடை செய்யுங்கள்: பனி அள்ளும் வண்டி தெருவோரம் குவித்த மேடுகள், பிள்ளைகள் குடையும் பனிச் சுரங்கங்கள், குடியிருப்புகளுக்கு நடுவே உள்ள மழைநீர்க் குளங்கள். அந்தக் குளங்களில் ஐஸ் உறுதியாகத் தெரிந்தாலும் அடியில் தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இரும்புக் கம்பியில் நாக்கு வைக்கக் கூடாது என்பதையும் சொல்லி வையுங்கள். வைத்துவிட்டால் இழுக்காதீர்கள், வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் விட்டுவிடும்.

போகக் கூடாத நாட்களில் பனியை உள்ளே கொண்டுவாருங்கள். குளியல் தொட்டியில் இரண்டு வாளி பனி, மிட்டன், சில கிண்ணம், கரண்டி போதும். ஒரு முழுக் காலைநேரம் ஓடிவிடும். பொது நூலகங்களில் கைக்குழந்தைகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் இலவசமாகப் பாட்டும் கதையும் நடக்கும். புதிதாக வந்த அம்மாக்கள் முதல் நட்பைப் பிடிக்கும் இடமும் அதுதான், தவறவிடாதீர்கள். மட்டார்ட் கன்சர்வேட்டரி என்று செடிகள் வளர்க்கும் கண்ணாடிப் பிரமிடுகள் நான்கு ஆற்றோரம் நிற்கின்றன. அதில் ஒன்று வெப்பமண்டலச் செடிகளுக்கானது. ஜனவரியில் அதற்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் ஈரமண் வாசனை நம் ஊர்க்காரர்களுக்கு எவ்வளவு ஆறுதல் என்பதை வந்து பார்த்தால்தான் தெரியும். வெஸ்ட் எட்மன்டன் மாலில் பிள்ளைகளை நடக்கவிடுவதற்கே குடும்பங்கள் போவதுண்டு.

சளி பிடிக்கும். குளிர் காற்றால் அல்ல, எல்லோரும் மூடிய அறைக்குள் நெருங்கி இருப்பதால். டேகேரில் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் அடுத்தடுத்துச் சளி வருவது சகஜம், உங்கள் கவனிப்பில் குறை என்று நினைக்காதீர்கள். ஃப்ளூ தடுப்பூசி 6 மாதத்திலிருந்தே போடலாம். முதல் முறை என்றால் 4 வார இடைவெளியில் 2 டோஸ். 6 வயதுக்குக் கீழ் கடையில் விற்கும் இருமல் மருந்து கொடுக்கக் கூடாது என்பது இங்கே விதி. இஞ்சிச் சாற்றில் தேன் கலந்து மகளுக்குக் கொடுக்கலாம், மகனுக்கு 1 வயது முடியும்வரை தேன் ஒரு சொட்டுகூட வேண்டாம். மூச்சு விடும்போது விலா எலும்புக்கு நடுவே குழி விழுந்தால், பால் குடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால், டயப்பர் நனைவது குறைந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வந்து இறங்கும் நாளுக்கு: விமான நிலையத்திலிருந்து கார் வரை நடக்கும் தூரம்கூட அந்த உடுப்பில்லாமல் குழந்தைகளுக்குக் கடினம். யாராவது தெரிந்தவர் வரவேற்க வந்தால் குழந்தைகளின் அளவைச் சொல்லி ஜாக்கெட்டும் பூட்ஸும் கார் சீட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். யாரும் இல்லையென்றால் கிடைத்த கம்பளி உடுப்பு, தொப்பி, போர்வை எல்லாவற்றையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி வந்து சேராமல் போகலாம். 811 என்ற எண்ணைப் போனில் இப்போதே பதிந்து வையுங்கள். ஆல்பர்ட்டாவில் எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் ஒரு நர்ஸ் பேசுவார், ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமா வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா என்று சொல்வார். நள்ளிரவில் ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், இணைப்பில் சேர்த்துவிடுவார்கள்.